ஆறு மணிக்குப் பிறகும் பார்க்குமோ?

கூகிள் பிளே ஸ்ரோரில் இருப்பிடம் பார்க்கிற செயலி ஒன்றைப் போட வேண்டுமென்றால் நிரப்புவதற்குப் படிவம் இருக்கிறது. சுருக்கிச் சொன்னால் அது கேட்பது இதுதான்: செயலி மூடியிருக்கிற நேரத்திலும் அந்த ஆள் நிற்கிற இடம் உங்களுக்கு ஏன் வேண்டும்? அதனால் அவருக்கு என்ன நன்மை? அது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா?

காங்கேசன்துறைப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் விசித்திரமான கேள்வி. எங்கள் வீட்டு ஆட்கள் 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். நான் பிறந்ததே இடம்பெயர்ந்த இடத்தில்தான். எங்கே போகிறாய், எங்கே இருந்து வாறாய், ஐசி எங்கே என்று எங்களிடம் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. "நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?" என்று அவர்களைத் திருப்பிக் கேட்ட சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணலாம். 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாக ஆட்களைப் பதிந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு அங்கே சொல்ல வேண்டி வந்தது. அப்படிக் கேட்க ஒரு வழக்கே தேவைப்பட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கிற ஒரு முதலாளி எங்களிடம் செயலி கேட்டு வந்தார். அவரிடம் 12 ரெப்மார். எல்லாரிடமும் சொந்த மோட்டார் சைக்கிள், சொந்த அன்ரொயிட் ஃபோன்.

"பெடியள் எங்கை நிக்கிறாங்கள் எண்டு எனக்குத் தெரியவேணும் தம்பி. இரவு பகல் எண்டில்லை, எந்த நேரமும். பெற்றோல் காசு குடுக்கிறது நான்தானே."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்குப் போகாமலே போனதாக எழுதிவிடுகிற ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். 2022க்குப் பிறகு பெற்றோல் விலை எல்லாருக்கும் தெரியும்.

ரெப்மாரில் ஒருவர் காங்கேசன்துறைக்காரர். மீள்குடியேறி வீடு கட்டியவர். தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, கீரிமலை அவருடைய ரூட். செயலியைப் பற்றி விளக்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, ஆறு மணிக்குப் பிறகும் உது பார்த்துக்கொண்டிருக்குமோ?"

முதலாளி அப்படித்தான் கேட்கிறார் என்றேன்.

"எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை. ஆனா ஒளிக்க ஒண்டுமில்லை எண்டு சொல்லிச் சொல்லியே களைச்சுப்போனன்."

இனித் தொழில்நுட்பத்துக்கு வருவோம். இந்தக் கேள்விக்கான பதில் அங்கேதான் கிடந்தது.

2017இல் வந்த அன்ரொயிட் 8 முதல், பின்னணியில் கிடக்கிற செயலிக்கு மணித்தியாலத்துக்குச் சில தடவைதான் இருப்பிடம் கிடைக்கும். 2019இல் அன்ரொயிட் 10, 'பாவிக்கும்போது மட்டும்' என்றும் 'எப்போதும்' என்றும் அனுமதியை இரண்டாகப் பிரித்தது. அடுத்த வருடம் அன்ரொயிட் 11 இன்னும் இறுக்கியது: 'எப்போதும்' என்பதைக் கொடுக்க, பாவிக்கிறவர் தானே செற்றிங்ஸுக்குள் போக வேண்டும். 2020இலேயே பிளே ஸ்ரோரும் சொல்லிவிட்டது: பின்னணி இருப்பிடம் வேண்டுமென்றால் படிவம் நிரப்பு, வீடியோ காட்டு, பாவிக்கிறவருக்கு விளங்குகிற மாதிரிச் செயலிக்குள்ளேயே முன்கூட்டிச் சொல். ஆட்களைக் கண்காணிக்கிற செயலிகளுக்குத் தனி விதியும் உண்டு. பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கலாம், நிறுவனம் தன் ஊழியர்களைப் பார்க்கலாம், அதுவும் தெரியத்தக்கதாக. புருசன் பெண்சாதியைப் பின்தொடர்கிற செயலிக்கு, பெண்சாதி சம்மதித்தாலும் அங்கே இடமில்லை.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. பாவிக்கிறவர் தானே ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கினால், திரை அணைந்த பிறகும் செயலி இருப்பிடத்தைப் பார்க்கலாம். 'பாவிக்கும்போது மட்டும்' என்ற அனுமதியே போதும். ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அறிவிப்பு ஒன்று காட்ட வேண்டும். தொடங்கிய வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டும். நாங்கள் இதைத்தான் எடுத்தோம்: 'வேலை தொடக்கம்', 'வேலை முடிவு' என்று இரண்டு பொத்தான்கள்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "அப்ப ஏபிகேயை வட்சப்பிலை அனுப்பிவிடுங்கோ. ஸ்ரோரும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம்."

அது முடியாத காரியமில்லை. எத்தனையோ செயலிகள் அப்படித்தான் ஃபோனுக்கு ஃபோன் போகின்றன. எங்கள் கம்பனி அண்ணை அவரோடு தர்மம் பேசவில்லை, பற்றரியைப் பற்றிப் பேசினார். "ஐயா, 24 மணித்தியாலமும் ஓடினால் பின்னேரத்துக்கு முன்னம் ஃபோன் செத்துப்போகும். பிறகு ஓடர் எடுக்க ஏலாது. பின்னணியிலை விட்டால் உங்களுக்கு மணிக்கு ரெண்டு மூண்டு புள்ளிதான் வரும். பொத்தான் அமத்தினால் போன ரோட்டு முழுக்கத் தெரியும்." முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ரெப்மாரின் இரவுகளைக் காப்பாற்றியதில் பற்றரிக்குத்தான் பெரிய பங்கு.

இந்த வழிக்கும் படிவம் உண்டு. அன்ரொயிட் 14க்கான செயலிகள் இந்த மாதிரி ஓடுகிற சேவையை ஏன் பாவிக்கின்றன என்று எழுதி வீடியோவும் காட்ட வேண்டும். வீடியோவைக் காங்கேசன்துறையிலேயே எடுத்தோம். ஸ்ரேசனடியில் அந்த அண்ணை பொத்தானை அழுத்தினார், திரையை அணைத்தார், கீரிமலைப் பக்கம் கொஞ்சத் தூரம் ஓடினார், நிறுத்தினார். அறிவிப்பு மறைந்தது.

செயலி திறந்ததும் வருகிற அறிவித்தலை நான் எழுதினேன்: "நீங்கள் 'வேலை தொடக்கம்' அழுத்தியதிலிருந்து 'வேலை முடிவு' அழுத்தும்வரை, திரை அணைந்திருந்தாலும், உங்கள் இருப்பிடம் கம்பனிக்குத் தெரியும். மற்ற நேரம் தெரியாது."

அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "கடைசி வரியை மேலை போடு தம்பி."

போட்டோம்.

இன்னொன்றும் அவரால்தான் யோசித்தோம். கடற்படை முகாம் வேலியோரம் போகிற ரோட்டில் புள்ளி சில நேரம் தள்ளி விழும். ஆள் ரோட்டில் நிற்பார், படத்தில் வேலிக்கு அங்காலே நிற்பார். அந்தப் படத்தை வருடக்கணக்கில் ஏன் வைத்திருக்க வேண்டும்? 30 நாளில் அழிகிற மாதிரிச் செய்தோம்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2015இல் கலிபோர்னியாவில் விற்பனை வேலை செய்த ஒரு பெண், வேலை நேரம் முடிந்த பிறகும் தன்னைப் பார்த்த செயலியை ஃபோனிலிருந்து அழித்ததற்காகத் தன்னை வேலையால் நிறுத்தியதாக வழக்குப் போட்டார். எங்கள் நாட்டில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போயின.

எங்கள் செயலிக்குச் சில நாட்களில் ஒப்புதல் வந்தது. சந்தோசம்தான். ஆனால் ஸ்ரோர் கேட்பது செயலியை உருவாக்குகிறவரிடம். முதலாளியின் மேசையில் இருக்கிற திரையை அது பார்ப்பதில்லை. வட்சப்பில் வருகிற ஏபிகேயிடம் அது ஒன்றும் கேட்பதில்லை.

அதனால் கேள்வியை நாங்கள்தான் கேட்க வேண்டும். நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை கிடைத்து, "இந்த அப்பைப் போட்டுக்கொள்ளுங்கோ" என்று சொன்னால், போட முதல் மூன்றைக் கேளுங்கள்: இது எத்தனை மணிக்கு நிற்கும்? யார் யார் பார்ப்பினம்? எத்தனை நாள் வைத்திருப்பினம்? சண்டை பிடிக்கத் தேவையில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அதே குரலில் கேட்டால் போதும்.