செலரானும் ஏலக்காயும்

பொட்டிபுரத்தின் பெயர் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்தித்தாள்களில் அடிபடுவதற்கு முன்பு, நாங்கள் மூவர் பங்கு போட்டு ஒரு பழைய கணினி வாங்கினோம். உள்ளே இருந்தது செலரான் 300ஏ. 1998-ல் இன்டெல் வெளியிட்ட மலிவுச் சில்லு. அதன் பெருக்கல் எண்ணான 4.5-ஐப் பூட்டியவர்கள் மதர்போர்டின் பஸ் வேகத்தைப் பூட்டவில்லை. 66-ஐ 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-ல் ஓடும். யார்தான் விடுவார்கள்?

450-ல் தடுமாறும் சில்லுக்கு மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து 2.2-க்கு ஏற்றுவது வழக்கம். வெப்பம் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுவதால், ஒன்றரை மடங்கு வேகத்துக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு சூடு. எத்தனை விசிறி வைத்தாலும் சில்லை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க இயலாது. சித்திரையில் அடிவாரத்து வீட்டின் அறை எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பெட்டியைப் போடிமெட்டுக்கே தூக்கிப் போய்விடலாமா என்றுகூடப் பேசினோம். (அந்த உயரத்தில் காற்று மெலிது, விசிறியின் பயன் சற்றுக் குறையும் என்பது வேறு கதை.)

ஆனால் சூட்டைவிட அஞ்சவேண்டியது வேறொன்று. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் சமிக்ஞை தன் இடம் சேர்ந்தாகவேண்டும். வேகம் கூடினால் அவகாசம் குறைகிறது. சூடேறினால் டிரான்சிஸ்டர் மந்தமாகிறது. இரண்டுக்கும் நடுவே சமிக்ஞை பிந்தினால், நல்ல காலமிருந்தால் கணினி உறைந்து நிற்கும். இல்லையென்றால் தவறான விடையோடு ஓடிக்கொண்டேயிருக்கும். எங்களுடையதில் விளையாட்டுகள் வாரக்கணக்கில் சிக்கலின்றி ஓடின. பிரைம்95 சோதனையோ ஏழாவது மணி நேரத்தில் பிழை என்றது.

அதே கணினியில்தான் நண்பனின் அப்பாவுடைய ஏலக்காய்க் கணக்கும் இருந்தது: எடை, ஏல விலை, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம். ஓர் எண் பிசகினால் அது யாரோ ஒருவரின் கூலி. அவரிடம் விளக்கியபோது, தன் தொழிலை வைத்தே புரிந்துகொண்டார். "ஸ்டோர்ல சூட்டக் கூட்டுனா காய் சீக்கிரம் காயும் தம்பி. பச்சை வெளுத்துரும். ஏலத்துல எவன் எடுப்பான்?"

நடுவாக 83-ல் வைத்தால் என்ன என்று ஒருவன் கேட்டான். அது இன்னும் மோசம். 100-ல் பிசிஐ பஸ்ஸுக்கு மூன்றிலொரு பங்கு, அதாவது முறையான 33 கிடைக்கும். 83-ல் பாதியாகி 41-ஐத் தாண்டும், ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுவதே சிதையலாம். ஆகவே கணக்கு எழுதும் நாட்களில் 300, மற்ற இரவுகளில் 450 என்று முடிவாயிற்று. மாற்றும் பொறுப்பை அப்பாவே எடுத்துக்கொண்டார்.