காந்தளூர்ச்சாலை வழியில் கேட்ட தகுதி

காந்தளூர்ச்சாலை என்ற பழைய கல்விக்கூடம் இருந்தது திருவனந்தபுரத்தில், எங்கள் வலியசாலையில்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதையே முன்மாதிரியாக வைத்து, ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 வாக்கில் முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். அவன் செப்பேட்டில் மாணவர்களுக்கான தகுதி எழுதியிருக்கிறது. இலக்கணமும் வேதமும் மட்டும் போதாது, மூன்று அரசுகளின் நடப்பும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அண்டை நாட்டு அரசியலைப் படிப்பின் பகுதியாக வைத்திருக்கிறார்கள்! படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் அந்தக் கதவு அந்தணருக்கு மட்டுமே திறந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று இதே ஊரில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு வி.கே. கிருஷ்ணமேனன் பெயரில் பன்னாட்டு உறவுகள் மையம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் கேரளத்தவரின் புலம்பெயர்வைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. இந்த மையங்கள் ஆராயும் விஷயங்கள் எங்கள் கடைத்தெருவையும் தொடுகின்றன. வளைகுடாவில் வேலை போனால் இங்கே சாலைக் கம்போளம் என்ற சந்தையில் வியாபாரம் படுக்கும். கச்சா எண்ணெய் விலை ஏறினால் அரிசி மூட்டையின் லாரி வாடகையும் ஏறும். இதைப் பேசும் அரங்குக்குக் கடைக்காரரும் சுமை தூக்குபவரும் ஏன் வரக்கூடாது?

மையங்களில் இருப்பவர்களே, ஒரு மாலை, மலையாளத்திலும் தமிழிலும், கம்போளத்துக்குப் பக்கத்திலேயே கூட்டம் போடுங்கள். பேச்சு அரை மணி நேரம் போதும், மீதி நேரம் கேள்விக்கு. பொருளாதாரம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது முன்வந்தால், இடம் பிடிக்கவும் நாற்காலி போடவும் நான் வருகிறேன்.