ஆழம் கூடக் கூட: கல்குவாரியில் மறுபயிற்சி

இந்தியாவின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், 1966 கல்குவாரித் தொழிலாளிக்கு வேலையில் சேரும்போது அடிப்படைப் பயிற்சியையும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியையும் விதிக்கின்றன. அமெரிக்காவில் கல், மணல், சரளைக் குவாரிகளுக்கு 2000-இல் நடைமுறைக்கு வந்த விதி, ஆண்டுதோறும் குறைந்தது எட்டு மணி நேர மறுபயிற்சி கேட்கிறது. ஐந்து ஆண்டா, ஓர் ஆண்டா என்ற கேள்விக்கு உத்திரமேரூர் வட்டத்துக் குவாரிகளிலேயே விடை இருக்கிறது. ஐந்து ஆண்டில் ஆள் அதே ஆளாக இருக்கலாம்; அவர் நிற்கும் இடம் அதே இடமாக இருப்பதில்லை. குன்றின் சரிவில் கல் உடைக்கக் கற்றுக்கொண்டவர், இன்று நாற்புறமும் சுவர் எழுந்த பள்ளத்தின் அடியில் நிற்கிறார்.

மதூர், பழவேரி, அருங்குன்றம், சிறுதாமூர் எனச் சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிடைப்பது சார்னோகைட் என்னும் கடினமான கருங்கல். ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அது சென்னைக்குப் போகிறது. ஆழம் ஆறு மீட்டரைத் தாண்டாத, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத, வெடிமருந்து பயன்படுத்தாத சிறு கல் குழிகளுக்குச் சுரங்கச் சட்டம், 1952 பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்குத் தந்தது. வேட்டு வைக்காமல் இந்தக் கல்லை உடைத்து லாரிக்கு ஏற்ற முடியாது என்பதால், இந்தப் பகுதியில் அந்த விலக்கைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

மறுபயிற்சியில் அதிக நேரம் தர வேண்டியது பெஞ்சுக்குத்தான், அதாவது முகப்பில் படிபடியாக வெட்டும் தட்டுக்கு. கடினப் பாறையில் ஒரு பெஞ்சின் உயரம் ஆறு மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே கிடக்கும் மண்ணையும் சரளையையும் ஒன்றரை மீட்டர் படிகளாக வெட்ட வேண்டும், அல்லது 45 பாகைக்கு மேற்படாத சரிவாக விட வேண்டும். எந்த முகப்பையும் அடியில் குடையக் கூடாது. உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961 சொல்வது இது. ஒப்பிக்கச் சொன்னால் பலரும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஹிட்டாச்சி ஓட்டுபவருக்கு அடியில் ஒரு வாய் அள்ளினால் மேலே இருப்பது தானாக இறங்கும் என்பதும் தெரியும். லோடு சீக்கிரம் நிறையும். ஒருமுறை செய்து ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாளும் செய்வார். விதி தெரியாதவரைவிட, விதியை மீறியும் பல ஆண்டு தப்பித்து வந்தவருக்குத்தான் மறுபயிற்சி அதிகம் தேவை.

2021 பிப்ரவரியில் மதூரில் ஒரு குவாரியில் மண்ணும் பாறையும் சரிந்து இருவர் இறந்தனர். 2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் சுமார் 300 அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினர், நால்வர் பிழைக்கவில்லை. இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அச்சத்தை மட்டும் ஊட்டும் வகுப்பு ஒரு வாரம்கூடத் தாங்காது. சரிவுக்கு முன் பாறை காட்டும் அடையாளங்களை முகப்பின் எதிரே நிறுத்திக் காட்ட வேண்டும்: மேல் விளிம்புக்குப் பின்னால் ஓடும் புது விரிசல், காரணமில்லாமல் உதிரும் பொடிக்கல், நேற்றுவரை உலர்ந்திருந்த இடுக்கில் கசியும் நீர். கடப்பாறையால் தட்டினால் ஒட்டியிருக்கும் பாறை கணீரென்று ஒலிக்கும். பிரிந்து நிற்பது பொத்தென்று ஒலிக்கும். காதுக்கான இந்தப் பாடத்தைக் கொட்டகைக்குள் படம் போட்டு நடத்த முடியாது.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை பாறையின் இடுக்குகளில் இறங்கி உள்ளே அழுத்தம் தருகிறது. குழியில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைத்ததும், அதுவரை சுவரைத் தாங்கிநின்ற நீரின் எதிரழுத்தமும் போய்விடுகிறது. பொங்கல் முடிந்து முழுவீச்சில் வேலை தொடங்கும் நாட்களில் சுவர் நம்பத்தகாதது. ஆண்டு மறுபயிற்சிக்கு ஒரு நாள் குறிப்பதானால், அந்த முதல் லோடுக்கு முந்தைய நாளைக் குறிப்பதே சரி.

வேட்டுப் பாடத்தில் பழையது பாதி காலாவதியாகிவிட்டது. மின் டெட்டனேட்டர்களை இந்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் தடை செய்தது. 2021-இல் பயிற்சி பெற்ற பிளாஸ்டர், அதாவது வேட்டு வைப்பவர், கற்றது அதைத்தான்: கம்பிகளை முறுக்கி இணைப்பது, சுற்றைச் சோதிப்பது, இடி மின்னல் வந்தால் விலகுவது. எலக்ட்ரானிக் டெட்டனேட்டரில் ஒவ்வொன்றிலும் ஒரு சிப் உண்டு. தாமத நேரத்தைக் கருவி வழியாகப் பதிய வேண்டும். உரிய குறியீடு வந்தால்தான் வெடிக்கும். வெடிக்காமல் போனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தயாரிப்பாளரின் குறிப்பைப் பொறுத்தது. ஐந்து ஆண்டு முடியட்டும் என்று இதற்குக் காத்திருப்பது அபத்தம்.

மாறாதவையும் உண்டு. வேட்டு நேரத்தில் 500 மீட்டர் வட்டத்துக்குள் பாதுகாப்பான மறைவிடம் இல்லாமல் எவரும் இருக்கக் கூடாது. வெடிக்காத மருந்தைத் தோண்டி எடுக்கக் கூடாது. முன்பு வெடித்த துளையின் அடிப்பகுதி பாறையில் மிஞ்சியிருந்தால் அதே துளையில் மீண்டும் ஜாக்ஹேமரை வைக்கக் கூடாது. அதில் மருந்து எஞ்சியிருக்கலாம். துளைபோடுபவருக்கு அந்தப் பழைய குழி வசதியானது, கம்பி வழுக்காமல் நிற்கும். அந்த வசதிதான் ஆளைக் கொல்கிறது.

டிப்பருக்குச் சொல்ல வேண்டியவை குறைவு: 16 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறாத பாதை, பள்ளத்தின் பக்கம் டயர் உயரத்துக்கு மண் கரை, பின்னே வரும்போது சைகை கொடுக்க ஓர் ஆள். தூசியைப் பற்றிச் சொல்வது கடினம், ஏனெனில் அதன் தண்டனை பல ஆண்டு கழித்து வருகிறது. நீர் ஊற்றித் துளையிட்டால் சிலிகா தூசி பறப்பது பெருமளவு குறையும். துணியை மூக்கில் கட்டுவதால் நுண்தூசி நிற்காது. சிலிகோசிஸ் வந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருக்கும் குவாரியில் தமிழில் மட்டும் வகுப்பெடுத்துக் கைநாட்டு வாங்குவது பதிவேட்டுக்கு மட்டுமே உதவும். பேசத் தெரிந்த மூத்த தொழிலாளி ஒருவரை வைத்து இந்தியில் கேள்வி கேட்கச் செய்தாலே பாதி வேலை முடிகிறது. அன்றைய கூலி பிடிக்கப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் உடல் வகுப்பிலும் மனம் லோடிலும் இருக்கும். பாடம் எடுப்பதற்கு வெளியிலிருந்து வரும் அதிகாரியைவிட அந்தக் குழியின் மேட் அல்லது போர்மேன் பொருத்தமானவர். எந்தச் சுவர் போன மாதம் உதிர்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாகச் சொல்லித்தர வேண்டியது, ஆபத்தைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி அதை முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்றும், முதலாளி உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வகுப்பில் எவரையாவது எழுப்பி, "இந்தச் சுவர் சரியில்லை, வண்டியை எடுக்க மாட்டேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். வாய் எழாதவர்களே அதிகம். இவ்வளவையும் நடத்த ஒரு நாள் போதும். ஐந்து ஆண்டு என்று விதி சொல்வது அதிகபட்ச இடைவெளி. அதற்குள் ஆண்டுதோறும் நடத்த எந்தக் குவாரிக்கும் தடை இல்லை.