எட்டு ரூபாய் வாஷரும் ஒரு காப்புரிமை விண்ணப்பமும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இந்தக் கதையைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்ததுக்கு ஆணி மட்டும் காரணம் இல்ல. கொஞ்சம் வெட்கமும்தான்.

விஷயம் இதுதான். 2021ல், கேமராவில் லென்ஸ் மாட்டுற ஒரு அமைப்புக்குக் காப்புரிமை, அதாங்க பேட்டண்ட், கேட்டு விண்ணப்பம் போட்டேன். 2023ல பரிசோதனை அறிக்கை வந்துச்சு. ஊத்திக்கிச்சு. ஊத்திக்கிட்டதுல வருத்தம் கம்மி. எப்படி ஊத்திக்கிச்சுங்கிறதுதான் இன்னும் உறுத்துது.

முதல்ல லென்ஸ் மாட்டுற கதை. பழைய குண்டு பல்பு ஹோல்டர் எல்லாரும் பார்த்திருப்பீங்க. பல்போட கழுத்துல ரெண்டு முள் இருக்கும். உள்ளே விட்டு, லேசா அமுக்கி, திருப்பினா மாட்டிக்கும். கேமரா லென்ஸும் கிட்டத்தட்ட அதே கூத்துதான். முள்ளுக்குப் பதிலா மூணு காது, அமுக்குறதுக்குப் பதிலா உள்ளே பட்டை ஸ்பிரிங். இதுக்குப் பேர் பயனெட். 1959ல வந்த நிக்கான் எஃப் மவுண்ட், 1975ல வந்த பென்டாக்ஸ் கே மவுண்ட் எல்லாம் இந்த ரகம்தான்.

பல்பு கொஞ்சம் ஆடினாலும் எரியும். லென்ஸ் ஆடினா படம் போச்சு. லென்ஸ் உட்கார்ற முகத்துக்கும் உள்ளே ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் நடுவுல இவ்வளவு தூரம்னு ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நிக்கான் எஃப்க்கு 46.5 மி.மீ., பென்டாக்ஸ் கே-க்கு 45.46, மிரர்லெஸ் காலத்து சோனி இ மவுண்டுக்கு வெறும் 18. அதனாலதான் பழைய லென்ஸைப் புது கேமராவுல மாட்ட முடியுது. மிச்சம் இருக்கிற 27.46 மி.மீ.க்கு ஒரு வளையம் செஞ்சு நடுவுல வெச்சா போதும்.

நான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய 135 மி.மீ. கே மவுண்ட் லென்ஸ் வாங்கினேன். கூடவே மலிவா ஒரு வளையம். மாட்டினா கடகடன்னு ஆட்டம். படத்துல இடது பக்கம் கூர்மையா இருந்தா வலது பக்கம் பஞ்சு மாதிரி. ஒவ்வொரு தடவை லென்ஸைத் திருப்பி மாட்டுறப்பவும் உலோகமும் உலோகமும் உரசித் தேயுது, இதுல எங்கே 0.01 மி.மீ. துல்லியம்?

அப்போ லாக்டவுன் நேரம். கோயம்புத்தூர் வீட்டுல உக்காந்து பொட்டி தட்டிட்டு இருந்தேன். மொட்டை மாடியில டேங்க் பைப் ஒழுகுதுன்னு பிளம்பர் வந்தார். பைப்பைத் திருப்பவே இல்ல. யூனியன் நட்டை மட்டும் திருப்பினார், ரெண்டு பைப்பும் கப்புன்னு ஒட்டிக்கிச்சு. எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சது (முள் வெச்ச பல்பு!). லென்ஸை ஏன் திருப்பணும்? நேரா உள்ளே வெச்சுட்டு, வெளியே ஒரு வளையத்தை மட்டும் திருப்பி, காதுகளைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சா? உட்கார்ற முகத்துல உரசலே கிடையாது!

எங்க சித்தப்பா கணபதியில சின்னதா ஒரு லேத்துப் பட்டறை வெச்சிருக்கார். பம்பு மோட்டார் வேலைதான் அதிகம். அந்த சமயம் ஆர்டர் இல்லாம சும்மா இருந்தார். நான் லேப்டாப்ல வரைஞ்சதைக் காட்டினேன். ஒரு வாரத்துல அலுமினியத்துல செஞ்சு கையில குடுத்துட்டார். அருமையா பிடிச்சது. நான் குதிக்க, அவர் மட்டும் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே இருந்தார்.

"ஏங்கண்ணு, இது தேயாதா?"

"எது சித்தப்பா?"

"உள்ள இருக்கிற சரிவு. புதுசுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஐநூறு வாட்டி திருப்புனா தேஞ்சு போயிருமல்லொ? பொறவு மறுபடி ஆட்டந்தான்."

மறுநாள் அவரே ஒரு சாமானை உள்ளே போட்டு வெச்சிருந்தார். வேவ் வாஷர். அப்பளம் மாதிரி அலை அலையா வளைஞ்ச ஸ்பிரிங் வாஷர். மோட்டார்ல பேரிங்குக்குப் பின்னாடி போடுறது. அச்சு முன்னும் பின்னும் ஆடாம எப்பவும் ஒரு அழுத்தம் குடுத்துட்டே இருக்கும். 62 மி.மீ. பேரிங்குக்கான வாஷர் எங்க வளையத்துக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துச்சு. சரிவு தேஞ்சாலும் வாஷர் அந்த இடைவெளியைத் தானே வாங்கிக்கும். விலை எட்டு ரூபாய்.

இதுக்குக் காப்புரிமை வாங்கிரலாம்னு எனக்கு வெறி. ஏஜெண்ட் வேண்டாம், நாமளே எழுதலாம், நாமதான் இன்ஜினியர் ஆச்சே! தனிநபர் ஆன்லைன்ல விண்ணப்பிக்க 1600 ரூபாய், பரிசோதனை கேட்க 4000 ரூபாய். கட்டினேன். விவரணையும் கோரிக்கைகளும் நானே எழுதினேன். கம்ப்யூட்டர்ல சுத்தமா படம் வரைஞ்சேன். 2021 மார்ச்சுல அனுப்பியாச்சு. அனுப்பியாச்சே, இனி பயமில்லைன்னு ஜூன்ல ஒரு வீடியோவும் போட்டேன். அதுல சித்தப்பா தன் கையால வாஷரை உள்ளே வெச்சு, எதுக்குன்னு அவர் பாஷையிலேயே விளக்கியிருப்பார்.

கோரிக்கைங்கிறது என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். காப்புரிமையோட உயிர் அங்கேதான் இருக்கு. என்னோட முதல் கோரிக்கை இப்படி: (அ) லென்ஸின் காதுகள் சுழலாமல் நேராக நுழையும் உடல், (ஆ) அந்த உடலின் மேல் சுழலும் வளையம், (இ) வளையம் சுழலும்போது காதுகளைப் பின்னோக்கி இழுக்கும் சரிவு. நம்ம மொழியில சொன்னா மூணு கண்டிஷன், நடுவுல 'மற்றும்'. கண்டிஷன் கம்மியா இருந்தா அதிகமான பொருள் உள்ளே மாட்டும், உரிமை அகலமாகும். ஆனா பழைய ஆவணம் ஏதாவது ஒண்ணுல இந்த மூணும் சேர்ந்து இருந்துட்டா, புதுமை காலி.

2023 பிப்ரவரியில அறிக்கை வந்தது. டி1, டி2ன்னு ரெண்டு ஆவணம். டி1 நான் பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே வெளியானது. அதுல அ, ஆ, இ மூணும் வரிசையா நின்னு சிரிச்சுது. அலுமினியம், பிடிமானத்துக்கு வரி வெட்டுறது, அடையாளப் புள்ளின்னு நான் எழுதியிருந்த மத்த கோரிக்கைகளை எல்லாம் டி2வையும் சேர்த்து வெச்சு, 'துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது'ன்னு ஒரே பத்தியில முடிச்சுட்டாங்க.

முதல் ரெண்டு நாள் கோபம். மூணாவது நாள் உக்காந்து படிச்சேன். அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் சரி. நான் கூகுள்ல 'லென்ஸ் அடாப்டர்'னு தேடியிருந்தேன். பழைய ஆவணங்கள்ல அது லென்ஸே இல்ல, 'ஆப்ஜெக்டிவ்'. பரிசோதகருக்கு வார்த்தை முக்கியம் இல்ல. உலகம் பூரா காப்புரிமை ஆவணங்களை வகை பிரிச்சு எண் போட்டு வெச்சிருக்காங்க. லென்ஸ்களை மாத்தி மாத்தி மாட்டுற கேமரா உடலுக்கு ஜி03பி 17/14. அந்த அலமாரியைத் திறந்தா என் அண்ணன், தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் உள்ளே உக்காந்திருக்காங்க.

காப்புரிமை ஆவணம் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்ல. கேனான் 1959ல கேனான்ஃப்ளெக்ஸ் கேமராவோட கொண்டு வந்த ஆர் மவுண்ட் இதே கொள்கைதான். லென்ஸ் திரும்பாது, வளையம் மட்டும் திரும்பும். பேர் பிரீச் லாக். 1971ல வந்த எஃப்டி மவுண்டும் அதேதான். 1987ல இஎஃப் வந்தப்பதான் சாதாரண பயனெட்டுக்கு மாறினாங்க. சினிமா கேமராவுல ஆரி கம்பெனி 1982ல கொண்டு வந்த பிஎல் மவுண்டுல வளையம் கேமரா பக்கமே இருக்கு. என் 'கண்டுபிடிப்பு' தினம் தினம் ஷூட்டிங் ஸ்பாட்ல திரும்பிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல.

பதில் சொல்ல ஆறு மாசம் டைம். காப்புரிமை ஏஜெண்டா இருக்கிற காலேஜ் சீனியர் ஒருத்தருக்குப் போன் போட்டேன். அறிக்கையைப் படிச்சுட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உன்கிட்ட இருக்கிறதுல, டி1லயும் டி2லயும் இல்லாதது எது?"

"வாஷர்ணே. வேவ் வாஷர். தேய்மானத்தைத் தானே வாங்கிக்கும்."

"சூப்பர்டா. அதைக் கோரிக்கையில சேர்த்துடலாம். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன், வாதாட ஒரு இடம் இருக்கு. விவரணையில எந்தப் பக்கம் எழுதியிருக்க?"

ஃபைலைத் திறந்து கண்ட்ரோல் எஃப் போட்டேன். வாஷர்: பூஜ்யம். ஸ்பிரிங்: பூஜ்யம். சரி, படத்துலயாவது இருக்கான்னு பார்த்தேன். படத்தை 'சுத்தமா' வரைஞ்சப்போ வாஷர் உக்கார்ற பள்ளத்தையே அழிச்சிருந்தேன்.

சீனியர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பொறுமையா விளக்கினார். சட்டத்தோட 59வது பிரிவுப்படி, முதல்ல தாக்கல் பண்ணினதுல இல்லாத விஷயத்தைத் திருத்தம்னு சொல்லி உள்ளே நுழைக்க முடியாது. புதுசா இன்னொரு விண்ணப்பம் போடலாமான்னா, என் வீடியோவே எனக்கு எதிரான ஆவணம். ஊர் உலகத்துக்கே காட்டியாச்சு. 31வது பிரிவுல சில கண்காட்சிகளுக்கும் அறிஞர் சபைக் கட்டுரைகளுக்கும் 12 மாச சலுகை உண்டு, நெட்டுல போட்ட வீடியோவுக்குக் கிடையாது. முதல்ல தற்காலிக விவரணை மட்டும் போட்டிருந்தா, முழு விவரணை குடுக்க 12 மாசம் கிடைச்சிருக்கும். அதையும் நான் செய்யல. இதுல உச்சம் என்னன்னா, 10(4) பிரிவு கண்டுபிடிப்பைச் செயல்படுத்த உனக்குத் தெரிஞ்ச மிகச் சிறந்த முறையை எழுதுன்னே கேக்குது. எனக்குத் தெரிஞ்சிருந்தது. எழுதல.

ஏன் எழுதல? இந்தக் கேள்விதான் ரெண்டு வருஷமா உறுத்துது. 'அது பட்டறைச் சமாச்சாரம், ஐடியா இல்ல'ன்னு அப்போ நெனச்சேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்கு வளையமும் சரிவும்தான் கண்டுபிடிப்பா தெரிஞ்சது. மோட்டார்ல இருந்து எடுத்த எட்டு ரூபாய் வாஷர் அசிங்கமா தெரிஞ்சது. இன்னொண்ணும் சொல்லிடறேன். கண்டுபிடிப்பாளர் பேர் எழுதுற இடத்துல என் பேர் மட்டும்தான் போட்டேன். சித்தப்பாகிட்ட ஒப்புக்குக் கேட்டேன். "என்ற பேரெல்லாம் எதுக்குங்கண்ணு"ன்னார். சரின்னு விட்டுட்டேன். விட்டப்போ உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி இருந்துச்சு பாருங்க, அதை மறைக்க முடியாது. வாஷரை எழுதியிருந்தா அவர் பேரையும் எழுத வேண்டி வந்திருக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமை பட்டறைக்குப் போனேன். அறிக்கையைத் தமிழ்ல சொன்னேன். அவர் வருத்தப்படுவார்னு பார்த்தா, "அந்த டி1காரன் படத்தைக் காட்டு"ன்னார். பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் பார்த்தார். அம்பு போட்டுக் காட்டியிருந்த ஒவ்வொரு எண்ணையும் விரலால தொட்டு, "அட, கெட்டிக்காரன்! பாரு இங்க, காதுக்கு வழி எப்படி வெட்டிருக்கான்"னு ரசிச்சார். கடைசியில, "ஆனா இவனும் தேயுமேன்னு யோசிக்கல பாத்தியா? நம்ம வாஷர் இதுல இல்லொ?"

சொல்லித்தான் ஆகணும். சொன்னேன். வாஷரை நான் எழுதவே இல்லைன்னு.

"எழுதலையா?"

"சின்ன விஷயம்னு நெனச்சுட்டேனுங்க சித்தப்பா."

அவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சார். "சின்ன விஷயந்தான் கண்ணு. எட்டு ரூவா"ன்னு சொல்லிட்டு எழுந்து போய் லேத்தை ஓட்ட ஆரம்பிச்சுட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நான் பதில் போடல. கெடு முடிஞ்சு விண்ணப்பம் கைவிடப்பட்டதா ஆயிடுச்சு. வளையம் இன்னும் என் கேமராவுலதான் இருக்கு. ஐநூறு தடவைக்கு மேலேயே திருப்பியிருப்பேன். ஆட்டம் இல்ல.

நான் எழுத வேண்டிய இடத்துல எழுதல, அதனால இங்கே எழுதறேன். சுழலும் வளையத்துக்கும் உடலுக்கும் நடுவுல ஒரு பள்ளம் வெட்டி, 62 மி.மீ. பேரிங்குக்கான வேவ் வாஷரை வைக்கணும். வளையத்தைத் திருப்பும்போது அது பாதி அமுங்கணும், முழுசா தட்டையாகக் கூடாது. அப்போதான் பின்னாடி தேய்மானத்தை வாங்கிக்க மிச்சம் இருக்கும். இதை யோசிச்சவர் எங்க சித்தப்பா. நான் இல்ல.

பி.கு.: ஐடியா வெச்சிருக்கிற நண்பர்களுக்கு மூணு விஷயம். தேடும்போது வார்த்தையை நம்பாதீங்க, வகை எண்ணைப் பிடிங்க. வீடியோ போடறதுக்கு முன்னாடி, அதுல தெரியற ஒவ்வொரு திருகாணியும் விண்ணப்பத்துல இருக்கான்னு பாருங்க. மூணாவது, கையில கிரீஸ் உள்ளவர் "இது தேயாதா?"ன்னு கேட்டா, உடனே பேனாவை எடுங்க. :-)