ஒரு தப்பான க்விஸ் கேள்வியும், திருச்சிக் கோட்டையைச் சுற்றி ஒரு நடையும்!

"சந்தா சாகிப்பைக் கொன்றது யார்?"

எங்கள் இணையப் பக்கத்தில் வாராவாரம் வெளியாகும் 10 கேள்வி க்விஸில், ஏழாவது கேள்வி இது. க்விஸ் தயாரிப்பது டெஸ்க்கில் என் வேலை. வாட்டர்லூ, பெர்லின் சுவர், இரண்டாம் உலகப் போர் என்று உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தைச் சுற்றி வருவேன். 'நம்மூர் வரலாறும் ஒண்ணு இருக்கட்டும்' என்று அந்த வாரம் திருச்சியைச் சேர்த்தேன். நான்கு விடைகள்: ராபர்ட் கிளைவ், டூப்ளே, மானோஜி, முகமது அலி. சரியான விடை என்று நான் டிக் அடித்தது கிளைவை.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். 'பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி மானோஜி என்று அழுத்தினாள். சிவப்பு காட்டியது. நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பு தாத்தா என்கிறாள். ஒருமுறை திருச்சிக்கு வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.'

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மன்னிப்பு கேட்டு பதில் போட்டேன். அந்தச் சனிக்கிழமையே திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ். சத்திரம் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். உத்திர வீதியில் திண்ணை வைத்த வீடு. சார் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பேத்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்கதான் அந்த க்விஸ் அக்காவா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

"கிளைவ் எங்கம்மா இருந்தாரு அன்னிக்கு?" என்று ஆரம்பித்தார் சார். "ஆத்துக்கு அந்தாண்டை, வடக்குக் கரையில. அதுக்கு முன்னாடி சமயபுரத்துல முகாம் போட்டிருந்தாரு. கொலை நடந்தது தஞ்சாவூர்ப் படையோட முகாம்ல."

பள்ளிக்கூடத்தில் மூன்று வரியில் படித்த கர்நாடகப் போரை அன்று திண்ணையில் இரண்டு மணி நேரம் கேட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1749-ல் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி தப்பி ஓடிவந்து ஒளிந்த இடம் திருச்சிக் கோட்டை. நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு வந்து முற்றுகையிட்டார். முகமது அலிக்குத் துணை ஆங்கிலேயர்கள். சந்தா சாகிப்பின் படையைத் திருச்சியிலிருந்து பிரித்து இழுக்கத்தான் 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் போய்ப் பிடித்தார். பாடப் புத்தகத்தில் 'ஆற்காட்டு வீரர்' என்று அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முற்றுகையே திருச்சிக்காக நடந்ததுதான்.

1752-ல் ஆட்டம் மாறியது. பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கினார். பிரெஞ்சு வீரர்கள் திருவானைக்காவலில். சந்தா சாகிப்பின் ஆட்கள் ஸ்ரீரங்கம் மதில்களுக்குள். இரண்டு பக்கமும் ஆறு, கோட்டை போல கோயில், பத்திரமான இடம் என்று நினைத்திருப்பார். ஆனால் வடக்கே கிளைவ், தெற்கே லாரன்ஸ், கிழக்கே தஞ்சாவூர் மானோஜி, மேற்கே மைசூர்ப் படை. கோவிலடியில் இருந்த தானியக் கிடங்கும் மானோஜி கைக்குப் போனது. அரிசி தீர்ந்தால் எந்த மதில் காப்பாற்றும்?

இந்த ஜாக் லா யார் தெரியுமா? 1720-ல் பிரான்ஸையே திவாலாக்கிய மிசிசிப்பி கம்பெனி மோசடியில் அடிபட்ட ஜான் லாவின் தம்பி மகன். சித்தப்பா மகன்கள் இருவரும் பிழைப்புக்காக இந்தியா வந்தவர்கள். ஜாக்கின் அண்ணன் பிற்பாடு புதுச்சேரி கவர்னரானார். அந்த அண்ணன் மகன் புதுச்சேரியில் பிறந்து, நெப்போலியனின் படையில் தளபதியாகி, பிரான்ஸின் மார்ஷல் வரை உயர்ந்தார். (அடுத்த க்விஸுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது என்று அங்கேயே குறித்துக்கொண்டேன். 'சித்தப்பா மகன்கள்' என்று எழுதியதையும் அடித்து 'தம்பி மகன்கள்' என்று திருத்தினேன். பக்கத்திலிருந்து பேத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.)

1752 ஜூனில் ஏறத்தாழ 800 ஐரோப்பிய வீரர்களோடு லா சரணடைந்தார். என்ன தேதி என்று கேட்டால் இரண்டு விடை சொல்லலாம். பிரிட்டன் புதிய காலண்டருக்கு மாறியது அந்த வருடம் செப்டம்பரில்தான். அதனால் ஆங்கிலேயர் குறித்த தேதிக்கும் பிரெஞ்சுக்காரர் குறித்த தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். "அதான் நான் பரீட்சையில வருஷம் மட்டும் கேப்பேன்" என்றார் சார்.

மதியம் அவரால் நடக்க முடிந்த தூரம் ராஜகோபுரம் வரைதான். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் 236 அடி கோபுரம் 1987-ல் முழுமையானது. 1752-ல் வந்த வெள்ளைக்காரர்கள் பார்த்தது மேல்தளங்கள் இல்லாத மொட்டைக் கோபுரத்தை.

சரணாகதியின்போது இங்கே நடந்த ஒரு சம்பவத்தை, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். கோயிலுக்குள் இருந்த சுமார் 1,000 ராஜபுத்திர வீரர்கள், மூன்றாவது மதிலைத் தாண்டி எவன் உள்ளே வந்தாலும் வெட்டிப்போடுவோம் என்று நின்றார்களாம். ஜெயித்த படை அவர்களின் துணிச்சலை மதித்து, உள்ளே நுழையவில்லை. தோற்ற பக்கத்து வீரர்கள் அவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எந்த க்விஸிலும் வராது.

"சரி சார், சந்தா சாகிப்?"

"தப்பிச்சுப் போக வழி தேடினாரு. மானோஜிக்குப் பணம் பேசினாங்க. மானோஜி வாள் மேல சத்தியம் பண்ணி, பத்திரமா அனுப்புறேன்னாரு. நம்பிப் போனாரு. போனதும் விலங்கு மாட்டிட்டாங்க."

கைதியை யார் வைத்துக்கொள்வது என்று வெற்றி பெற்றவர்களுக்குள் சண்டை வந்தது. முகமது அலி கேட்டார். மைசூர்க்காரர்கள் கேட்டார்கள். எங்கள் காவலில் இருக்கட்டும் என்றார் லாரன்ஸ், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவர் பகையாவார். மானோஜி கைதியின் தலையை வெட்டச் சொல்லிவிட்டார். லாரன்ஸ் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று டூப்ளே கடைசி வரை குற்றம் சாட்டினார்.

"அப்ப மானோஜிங்கறதும் முழு விடை இல்லையே சார்?"

"முழு விடை இல்லதான். ஆனா கிளைவ்ங்கறது விடையே இல்ல" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

வெயில் தாழ்ந்ததும் பேத்தியும் நானும் கிளம்பினோம். மூட்டு வலியால் சார் வரவில்லை. "கோட்டையை ஒரு சுத்து சுத்திக் காட்டு" என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் குழப்பம். மலைக்கோட்டை தெரியும். சுற்றி வர கோட்டை எங்கே இருக்கிறது?

மெயின்கார்டு கேட்டில் இறங்கினோம். எத்தனையோ முறை இந்த வளைவைப் பார்த்தபடி பஸ்ஸில் போயிருக்கிறேன். பழைய கோட்டையின் மேற்கு வாசல் இது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்கள்; வெளி மதில் 18 அடி, உள் மதில் 30 அடி என்கிறது ஓர்மின் குறிப்பு. வெளியே அகழி. 19-ஆம் நூற்றாண்டில் மதில்களை இடித்து, அகழியைத் தூர்த்து, சாலை போட்டார்கள்.

"அக்கா, இந்த ரோடு பேர் என்ன சொல்லுங்க?"

"மேலப்புலிவார்டு ரோடு."

"புலி எங்க?"

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'வெஸ்ட் பொலிவார்டு'. அந்த பொலிவார்டு பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுக்கு அது வந்தது டச்சு மொழியிலிருந்து; அங்கே அதற்குப் பொருள் கோட்டைக் கொத்தளம். பாரிஸில் 14-ஆம் லூயி காலத்தில் மதில்களை இடித்த இடத்தில் அகலச் சாலைகள் போட்டார்கள். கொத்தளத்தின் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. திருச்சியிலும் அதே கதை. நம் வாயில் அது புலியாகிவிட்டது. மேலப்புலிவார்டு ரோட்டில் நடந்தால் மேற்கு மதிலின் மேல் நடக்கிறோம். கீழப்புலிவார்டு ரோட்டில் நடந்தால் கிழக்கு மதிலின் மேல்.

தெற்கு நோக்கி நடந்தோம். ஜவுளிக்கடை போர்டுகள், தள்ளுவண்டிக் கொய்யா, ஹார்ன் சத்தம். மரக்கடை வந்தபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த வழியாத்தான் தலையைக் கொண்டுபோனாங்க."

சந்தா சாகிப்பின் தலை முகமது அலிக்கு அனுப்பப்பட்டது. தன் எதிரியின் முகத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதானாம். பிறகு அதை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி, கோட்டை மதிலைச் சுற்றி ஐந்து முறை கொண்டுபோனார்கள். ஒரு லட்சம் பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று எழுதுகிறார் ஓர்ம். அவர் நேரில் பார்த்தவர் அல்ல. அப்போது வங்காளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சுத்து கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். அஞ்சு சுத்துன்னா முப்பது. ஒரு லட்சம் பேர்ங்கறதெல்லாம் அளப்பு மாதிரி இல்ல?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்த ஊர், அத்தனை பேர் எங்கிருந்து வந்திருப்பார்கள்? ஆனால் தலை ஊர்வலம் போனதைச் சந்தேகப்படக் காரணமில்லை.

நாங்கள் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. காந்தி மார்க்கெட் நெரிசலில் சிக்கி, கரும்புச் சாறு குடித்து, கீழப்புலிவார்டு ரோட்டில் பாதியில் ஆட்டோ பிடித்துவிட்டோம்.

ஆட்டோ நின்ற இடம் சூப்பர் பஜார் பக்கம், ராணி மங்கம்மாள் மகால். இப்போது அரசு அருங்காட்சியகம். மூடும் நேரமாகிவிட்டதால் வாசலோடு சரி. நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசி மீனாட்சியின் காலத்தில், 1730-களில், இதே சந்தா சாகிப் குர்ஆன் மேல் சத்தியம் செய்து ஊருக்குள் வந்தார் என்பார்கள். துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்பது வழிவழியாக வரும் கதை. செங்கல் கதை எப்படியோ, ஊர் அவர் கைக்குப் போனது உண்மை. அரசி விஷம் அருந்தி இறந்ததாகச் சொல்கிறார்கள்.

முகமது அலியும் சளைத்தவரில்லை. உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூர் நஞ்சராஜாவுக்கு எழுதிக் கொடுத்தவர், ஜெயித்ததும் கையை விரித்துவிட்டார். ஏமாந்த மைசூர்ப் படை பிரெஞ்சுப் பக்கம் சாய, அடுத்த இரண்டு வருடம் மறுபடி முற்றுகை. இன்று ரயில்வே பணிமனை இருக்கும் பொன்மலையில் 1753 ஜூனில் நடந்த பெரிய சண்டை அதன் பலன்தான். அந்த மைசூர்ப் படையில் அப்போது பேர் தெரியாத அதிகாரி ஒருவர் இருந்தார்: ஹைதர் அலி.

மீனாட்சிக்கு ஒரு சத்தியம், சந்தா சாகிப்புக்கு ஒரு சத்தியம், நஞ்சராஜாவுக்கு ஒரு பத்திரம். மூன்றும் இந்த ஒரே ஊருக்காக.

கடைசியாக மதுரை ரோடு பக்கம் நத்ஹர்வலி தர்காவுக்கு அழைத்துப் போனாள். மக்ரிப் தொழுகை நேரம். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றோம். குழந்தைக்கு மந்திரிக்க வந்த அம்மாக்கள், மயிலிறகு, ஊதுபத்தி வாசம். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம்.

"சந்தா சாகிப்பை அடக்கம் பண்ணினது இங்கதான்" என்றாள் மெதுவாக. "முகமது அலி 1795-ல மெட்ராஸ்ல இறந்தாரு. அவரையும் இங்கதான் கொண்டுவந்து அடக்கம் பண்ணியிருக்காங்க."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "நிஜமாவா? ரெண்டு பேரும் ஒரே தர்காலயா?"

"இதை க்விஸ்ல கேளுங்க அக்கா. ஒருத்தரும் போட மாட்டாங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, ஜன்னல் வழியாகப் போனை நீட்டினாள். முந்தைய நாளே க்விஸில் விடையைத் திருத்தி, மேலே ஒரு வருத்தக் குறிப்பும் போட்டிருந்தேன். மானோஜிக்குப் பக்கத்தில் இப்போது பச்சை டிக் இருந்தது. ஆனால் ஏற்கெனவே விளையாடியவர்களின் மதிப்பெண் தானாக மாறாது.

"எனக்கு இன்னும் 9-தான் காட்டுது" என்றாள்.

"திங்கட்கிழமை டெக் டீம்ல சொல்லி மாத்தச் சொல்றேன்" என்றேன்.

"சத்தியமா?" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.