யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

பகுத்தறிவு பேசத் தொடங்கிய புதிதில் நமக்கு ஒரு பழக்கம் இருந்தது. மேடை ஏறினால் கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். சிரிக்கவைக்க யாராவது ஒருவர் அகப்பட வேண்டும். ஒருநாள் மாலை, நம் ஊர்ப் படிப்பகத்துக் கூட்டத்தில் அகப்பட்டவர், முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர். நெற்றியில் திருநீறு, மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. கயிறு காய்ச்சலைக் கட்டுமா என்று கேட்டோம். அவர் பேசுவதைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினோம். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மையார் எழுந்தார், ஒரு சொல்லும் பேசாமல் போனார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வாரந்தவறாமல் வந்து நூல் வாங்கிப் படித்த அவர் பேத்தியும் வரவில்லை. பாட்டியின் கயிறு அறுபடவில்லை. பெண்ணின் படிப்புத்தான் அறுந்தது!

இதையா வெற்றி என்று எண்ணினோம்? ஆம், அன்று அப்படித்தான் எண்ணினோம். தவறென்று உணர்த்தியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1957-இல் மறைந்துவிட்ட அவர், அதே படிப்பகத்தில் பின்னொரு நாள் நாம் திரையிட்ட 'நல்லதம்பி' படத்தின் வாயிலாக நமக்குப் பாடம் நடத்தினார்.

1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வில்லுப்பாட்டு ஒலிக்கும் மண்ணில் வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று, 1930-களின் நடுவில் திரைக்கு வந்தார். கதாநாயகன் பாடிக் களைத்த வேளையில் வந்து, கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டுப் போவதுதானே நகைச்சுவை நடிகனுக்கு விதிக்கப்பட்ட வேலை? கலைவாணர் அதை ஏற்கவில்லை. தம் பகுதியைத் தாமே எழுதினார், துணைவியார் டி.ஏ.மதுரத்துடனும் தம் குழுவினருடனும் நடித்து, படத்துக்குள் ஒரு தனிக் கிளையாக அதை அமைத்தார். புராணக் கதையிலும் அரசர் கதையிலும்கூட, அந்தக் கிளை நிகழ்கால நாட்டைப் பற்றிப் பேசிற்று.

இடையே சிறை குறுக்கிட்டது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதானார்; 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1947-இல் விடுதலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து மீண்டவர், உலகத்தின்மீது வெறுப்பை உமிழ்ந்தாரா? இல்லை. 1949-இல், அறிஞர் அண்ணா எழுதி, கிருஷ்ணன் – பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி'யில் மதுவின் கேட்டைச் சொன்னார். கிந்தனார் கதாகாலட்சேபம் நிகழ்த்தினார்.

அந்தக் காலட்சேபத்தைக் கவனியுங்கள், தோழர்களே! நந்தன் சிதம்பரம் காண ஏங்கினான் என்பது பழைய கதை. கிந்தனோ கல்வி காண ஏங்குகிறான். சேரியிலிருந்து இரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்து உயர்ந்து திரும்புகிறான். பக்திக்குப் பயன்பட்ட அதே பாகவதர் கோலம், அதே கதை சொல்லும் முறை! பழக்கப்பட்ட பாதையிலேயே கூட்டத்தை அழைத்துச் சென்று, பள்ளிக்கூட வாயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். மடமையைத்தான் சிரிப்புக்கு இலக்காக்கினார். மடமையில் சிக்கியவரை அல்ல.

படம் போடுவதற்கு முன்பே அம்மையாரின் வீட்டுக்குச் சென்று, "மன்னியுங்கள், பாட்டி" என்று கேட்டு அழைத்து வந்திருந்தோம். இருட்டில் அவர் சிரித்த சிரிப்பு நம் காதில் விழுந்தது. கிந்தனாருக்கு அவர் கண்ணீர் மல்கச் சிரித்தார். விளக்கு எரிந்தபோது பார்த்தோம். கயிறு கையிலேயேதான் இருந்தது. ஆனால், அடுத்த வாரம் பேத்தி வந்தாள், பழைய நூலைத் திருப்பித் தந்துவிட்டு இன்னொன்று எடுத்துச் செல்ல!

1969 சனவரி 14-இல், உடல் நலிவுற்றிருந்த நிலையிலும் அண்ணா சென்னை தியாகராயநகரில் கலைவாணரின் சிலையைத் திறந்துவைத்தார். சிலைக்கு மாலையிட நாமும் போவதுண்டு. மாலையோடு கடமை முடிந்துவிடுமா? கறுத்த நிறத்தையும் திக்கும் நாவையும் கண்டு சிரிக்கச் சொல்லும் காட்சிகள் இன்றும் திரையில் வருகின்றன; மேடையில் நாமும் அதே எளிய வழியை நாடுகிறோம். இனி மேடை ஏறும் ஒவ்வொரு தோழரும், முன்வரிசையில் அந்தப் பாட்டி அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசட்டும். அவரும் சேர்ந்து சிரிக்கும்படி பேசுவோம். நம் கருத்து அவர் வீட்டுக்குள் செல்ல வேறு வழியில்லை.