வாசிக்காமல் வைத்த கையெழுத்து

தைப்பொங்கல் முடிந்து சில நாட்களின் பின் தங்கச்சி என் வீட்டு விறாந்தையில் வந்திருந்து அழுதாள். அவளுடைய மகளுக்குக் கனடாவிலுள்ள மாப்பிள்ளையோடு கலியாணம் பேசி முடிந்திருந்தது. நாளும் வைத்தாயிற்று. அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் சட்டத்தரணியிடமிருந்து ஓர் ஒப்பந்தப் பத்திரம் வந்திருந்தது. கலியாணம் முறிந்தால் யாருக்கு எது சேரும் என்று அதில் எழுதியிருந்தது.

“தாலி கட்ட முன்னமே பிரியிறதைப் பற்றிக் கதைக்கினம் அக்கா. இது என்ன சம்பந்தம்?” என்று கேட்டாள்.

“உன்ரை சீதன உறுதி எங்கை? அதுவும் கலியாணத்துக்கு முந்தி எழுதினதுதானே?” என்று நான் கேட்டேன்.

அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். தன் உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் எனக்கும் என்னுடையது தெரியாது.

நான் 1986இல் கலியாணம் செய்தேன். அதற்கு முதல் வாரம் நொத்தாரிசு வீட்டுக்கு வந்து, ஐயாவும் அம்மாவும் எனக்குத் தரும் வீட்டுவளவையும் ஒரு பனங்காணியையும் உறுதியில் எழுதினார். எல்லை சொல்லி வேகமாக வாசித்தார். நான் தலையைக் குனிந்தபடி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். பொம்பிளைப்பிள்ளை கேள்வி கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

1990இல் தீவுப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்தோம். இரண்டு வருடத்தின் பின் என் கணவர் ஏஜென்சி மூலம் வெளிநாடு போனார். முதலில் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. 2003இல் நானும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்தான் மிஞ்சியிருந்தது. பனங்காணியை விற்றுக் கூரை போடலாம் என்று நினைத்தேன். வாங்குவதற்கு ஆளும் வந்தார். உறுதியைப் பார்த்த நொத்தாரிசு, “அம்மா, உங்கடை அவரின்ரை கையெழுத்து வேணும்” என்றார்.

“காணி என்ரை பேரிலைதானே ஐயா?”

“ஓம், உங்கடை காணிதான். ஆனால் அவரின்ரை சம்மதம் எழுத்திலை இல்லாமல் விற்க ஏலாது.”

அன்றுதான் தேசவழமை என்ற சொல்லின் பாரம் எனக்கு விளங்கியது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தாரின் வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்மார் பார்த்துச் சரி என்றார்கள். அதில் ஒரு பெண்ணும் இல்லை. 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். கணவன் வழி வரும் சொத்து முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கலியாணத்தின் பின் உழைத்துச் சேர்ப்பது தேடிய தேட்டம் என்று நாம் சொல்லும் பிரிவுகள் அதில் உள்ளவை.

பிறகு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் வந்தது. மனைவியின் சொத்து அவளுடைய தனிச்சொத்து என்றும், கணவனின் கடனுக்காக அதைப் பிடிக்க முடியாது என்றும் அது சொன்னது. இது நல்ல காரியம். நகை, பணம் போன்றவற்றை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம், விற்கலாம். மரணசாதனமும் தானே எழுதலாம். ஆனால் காணி, வீட்டை உயிரோடிருக்கும்போது விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது.

இதற்கு ஒரு வழியும் அச்சட்டத்தில் உண்டு. கணவன் கைவிட்டிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து அனுமதி பெறலாம். நானும் கொடுத்தேன். சட்டத்தரணிக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, தவணைக்குத் தவணை ஒருநாள் வேலை. அனுமதி கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. வாங்க வந்தவர் அதற்குள் வேறு காணி வாங்கிவிட்டார். பிறகு கேட்ட விலைக்குக் கொடுத்தேன். இரண்டு மாரிக்குத் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளோடு இருந்தேன். போரில் கணவரைத் தேடி அலைந்த எத்தனையோ சகோதரிகளுக்கும் இதே கதவு பூட்டியிருந்தது.

இதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். உறுதி எழுத எவ்வளவு முடியும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நில அளவையாளருக்கு, நொத்தாரிசுக்கு, முத்திரை வரிக்கு, காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பதற்கு, புதிய உறுதியைப் பதிவதற்கு என்று செலவு உண்டுதான். காணியின் பெறுமதி கூடினால் வரியும் கூடும். ஆனால் அது ஒருமுறைச் செலவு. விளங்காமல் வைத்த கையெழுத்துக்கோ வருடக்கணக்காகச் செலவழிக்க வேண்டும்.

அன்று பின்னேரம் பெறாமகளைக் கூப்பிட்டு, மூவருமாக அந்தக் கனடாப் பத்திரத்தை வரி வரியாகப் பார்த்தோம். விளங்காத இடங்களில் கோடு போட்டோம். பிறகு அவள் ரொறன்ரோவில் தனக்கென்று வேறொரு சட்டத்தரணியைப் பிடித்துத் தொலைபேசியில் கேட்டாள். ஒன்ராறியோ மாகாணத்தில் இப்படியான ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் சாட்சிக்கு முன் கையெழுத்திட வேண்டும். ஒருவர் தன் முக்கியமான சொத்தையோ கடனையோ மறைத்திருந்தால், அல்லது மற்றவர் விளங்காமல் கையெழுத்திட்டிருந்தால், நீதிமன்றம் அதைத் தள்ளிவைக்கலாம். குடும்பம் இருக்கும் வீட்டில் குடியிருக்கும் உரிமையை இந்த ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. பிள்ளைகள் யாரோடு இருப்பது என்பதையும் அதில் முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது.

அந்தச் சட்டத்தரணிக்குக் கொடுத்த காசு ஒரு சோடி காப்பின் விலை இருக்கும். தங்கச்சி முணுமுணுத்தாள். “ஒரு சோடி காப்புக் குறைஞ்சால் ஒருத்தரும் செத்துப்போகேல்லை” என்றேன்.

மகள் மாப்பிள்ளையோடு தானே கதைத்தாள். அவருடைய சொத்து, கடன் விபரத்தைக் கேட்டாள். பிரிந்தால் பராமரிப்புப் பணம் கேட்பதில்லை என்ற வரியை எடுக்கச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. “என்ரை அக்கா வெறுங்கையோடை வீட்டுக்குத் திரும்பி வந்தவ. அதாலைதான் எழுதச் சொன்னனான்” என்றாராம். அந்த வரி எடுபட்டது.

இங்கே சீதன உறுதியையும் கவனமாக எழுதுவித்தோம். வீடு மகளின் பெயரில் மட்டும். தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து வைத்தோம், அவர்கள் கண்மூடும்வரை யாரும் எழுப்ப முடியாது. “நன்கொடை” என்று மாப்பிள்ளை பகுதிக்குக் கொடுக்கும் காசுக்கு உறுதியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. அதைக் கொடுப்பதில்லை என்று தங்கச்சி துணிந்து சொன்னாள். நொத்தாரிசு வாசித்தபோது மகள் இரண்டு இடத்தில் மறித்துக் கேட்டாள். அவரும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கலியாணம் ஆவணியில் சிறப்பாக நடந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை கலியாணத்துக்கு இருந்தால், உறுதி யாருடைய பெயரில் என்று கேளுங்கள். நாளை அதை விற்கவோ ஈடு வைக்கவோ யாருடைய கையெழுத்து வேண்டும் என்றும், எழுதும் நாளில் சட்டம் எப்படி இருக்கிறது என்றும் நொத்தாரிசிடம் கேளுங்கள். பதிந்த பிரதியை வாங்கிப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.

என் உறுதி இப்போதும் தகரப்பெட்டிக்குள் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் நடுங்கிய கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இருந்து “வாசிச்சுப் பார் மோனை” என்று சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் இருங்கள்.